சேதாரத்தையும் சேர்த்து எழுதிய இலக்கு: பினாங்கில் ஒரு கண்ணாடி, உலோகக் கலை மாணவி

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடும் தம்பியோடும் வசிக்கும் பெண் அவர். வயது 29. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறார். 12 மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த கலைப்பொருள்களைச் செய்து, ஒருநாள் அதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு ஜனவரியில் ஆறு இலக்குகளை எழுதினார். ஜூன் மாதம் வந்தபோது ஆறில் ஒன்றுகூட நகரவில்லை. அந்த நிலையில்தான் என்னிடம் வந்தார்.

நான் ஜார்ஜ்டவுனில் வார இறுதிகளில் உலோக வேலை சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஆய்வை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், அதனால் மாணவி என்றே குறிப்பிடுகிறேன். இலக்கு வை, இலக்கு வை என்று நம் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்கிறோம். நெருப்போடும் கண்ணாடியோடும் வேலை செய்கிற ஒருவர் அதை எப்படி வைப்பது என்று சொல்ல ஆளில்லை. அதனால் இவருடைய குறிப்பேட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

பின்னணி

மாணவியின் தாத்தாவுடைய தம்பி நகை ஆசாரி. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகைக்கடைகளுக்கு வேலை செய்து கொடுத்தவர். வயதான பிறகு பட்டர்வொர்த்தில் வீட்டின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். கண் மங்கியதும் அதையும் மூடிவிட்டார். மாணவி அவரைத் தாத்தா என்றே கூப்பிடுவார். சிறு வயதில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போய், ஊதுகுழலில் அவர் ஊதுவதையும் வெங்காரம் பொங்கி அடங்குவதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும்போது மற்ற பிள்ளைகள் சாமியைப் பார்ப்பார்கள், ரதத்தின் தகட்டில் தட்டி எழுப்பிய பூ வேலையை நான் பார்ப்பேன் என்றார்.

கண்ணாடி ஆசை பின்னால் வந்தது. லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் சீ மாளிகையைப் பார்க்கப் போனவர், அங்குள்ள வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்பு வேலைகளையும் ஒரே கட்டடத்தில் பார்த்தார். பிறகு யூடியூபில் நெருப்பில் கண்ணாடி மணி செய்யும் காணொளிகள். ஒரு சின்ன கேஸ் டார்ச், இணையத்தில் மலிவாகக் கிடைத்த கண்ணாடிக் கம்பிகள், கண்ணில் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி என்று வாங்கி, வீட்டுப் பால்கனியில் தொடங்கிவிட்டார்.

முதல் பட்டியல்

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்தவை இவை. டிசம்பருக்குள் ஒரு கண்காட்சி. இன்ஸ்டாகிராமில் 5,000 பேர். மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு விற்பனை. கண்ணாடி ஊதக் கற்றுக்கொள்வது. வெள்ளி நகைத் தொகுப்பு ஒன்று. இரண்டு வருடத்தில் வேலையை விடுவது.

குறை சொல்ல முடியாத பட்டியல் போலத்தான் தெரியும். எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. 1981இல் ஜார்ஜ் டோரன் என்பவர் எழுதிய ஸ்மார்ட் சூத்திரத்தை அலுவலகப் பயிற்சிகளில் எல்லோரும் கேட்டிருப்போம்: குறிப்பாக இரு, அளக்கும்படி இரு, காலக்கெடு வை. அவரும் தொழிற்சாலையில் அந்தப் பயிற்சிக்குப் போனவர்தான். அந்த முறையில்தான் எழுதினார்.

ஆனால் கண்காட்சி என்பது இன்னொருவர் சரி என்று சொல்ல வேண்டியது. 5,000 பேர் என்பது முகம் தெரியாத 5,000 பேர் செய்ய வேண்டியது. விற்பனை வாங்குபவர் கையில். ஆறில் ஒன்றுகூட அவர் மேசைமேல் இருக்கும் கண்ணாடியைப் பற்றியோ செம்பைப் பற்றியோ பேசவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. அந்த நேரத்தில் அவருடைய மேசைமேல் இருந்தது ஒரு டப்பா நிறைய உடைந்த மணிகள்.

உடைந்த மணிகள்

அந்த டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு விதமான உடைவு இருந்தது. சில மணிகள் செய்து முடித்த அன்றோ மறுநாளோ நடுவில் பிளந்திருந்தன. மற்றவற்றில் இரண்டு நிறங்கள் சேரும் கோட்டின் வழியாகவே விரிசல் ஓடியிருந்தது.

முதல் வகைக்குக் காரணம் ஆறவிட்ட விதம். சூடான மணியின் வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. உள்பக்கம் பிறகு சுருங்கும்போது கண்ணாடிக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. அதைப் போக்க, மணியைச் சூளையில் ஒரு குறிப்பிட்ட சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு மெல்ல இறக்க வேண்டும். இத்தாலியின் முரானோ வகை மென்கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 520 டிகிரி செல்சியஸ். மாணவி மணலில் புதைத்து ஆறவிட்டிருந்தார். மணல் குளிர்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சூளை செய்யும் வேலையை அது செய்யாது.

இரண்டாவது வகைதான் அவரை அதிகம் கலங்கவைத்தது. கண்ணாடிக் கம்பிகளுக்கு ஒரு விரிவு எண் உண்டு, ஒரு டிகிரி சூட்டுக்கு எவ்வளவு நீளும் என்பதைச் சொல்வது. முரானோ வகைக் கம்பிகளுக்கு 104. சூளையில் உருக்கி ஒட்டும் கண்ணாடித் தகடுகளுக்கு 90 அல்லது 96. ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிகேட்டுக்கு 33. அவர் மலிவாக வாங்கிய கட்டில் எல்லாம் கலந்து இருந்தன. எதிலும் எண் ஒட்டப்படவில்லை. 104ஐயும் 33ஐயும் சேர்த்து உருக்கினால், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். குளிரும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது சுருங்காது. எத்தனை மெதுவாக ஆறவிட்டாலும் உடையும். கைத்திறமை எவ்வளவு கூடினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஆறு மாதமாகத் தனக்குக் கலை வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அக்கா, அப்ப இது என் கை தப்பு இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் இதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இலக்கு எதுவும் உன் பட்டியலில் இல்லை, அதுதான் பிரச்சினை என்றும் சொன்னேன்.

எந்த வகை இலக்கு

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் இலக்கு வைப்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். ‘முடிந்ததைச் செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு உள்ளவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது அவர்களுடைய முக்கியமான முடிவு. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லேதமும் ஜெரார்ட் செய்ட்ஸும் பின்னால் செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரியவந்தது. வேலை புதியது, சிக்கலானது, செய்முறையே இன்னும் கையில் வரவில்லை என்ற நிலையில், இத்தனை எடுத்தாக வேண்டும் என்ற விளைவு இலக்கு ஆளைத் தடுமாற வைக்கிறது. இதைச் செய்யும் வழிகளைக் கண்டுபிடி என்ற கற்றல் இலக்குதான் அங்கே பலன் தருகிறது. கண்ணாடி, உலோக வேலையில் முதல் சில ஆண்டுகள் முழுக்க அந்த நிலைதான்.

கண்ணாடிக் கலையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1962க்கு முன்னால் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் தொழிற்சாலை வேலை. அந்த வருடம் அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியகத்தின் வளாகத்தில் ஹார்வி லிட்டில்டன் ஒரு பட்டறை நடத்தினார். ஒரு கலைஞர் சிறிய உலையில், தனியாக, கண்ணாடியை உருக்கி ஊத முடியுமா என்பதுதான் கேள்வி. முதலில் உருக்கிய கலவை ஊத வரவே இல்லை. டொமினிக் லபீனோ என்ற கண்ணாடி விஞ்ஞானி, கண்ணாடியிழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளை உருக்கிப் பார்க்கச் சொன்னார். அது வேலை செய்தது. அன்று செய்தவை கோணல்மாணலான குப்பிகள். ஆனாலும் உலகம் முழுக்க ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம் அங்கேதான் பிறந்தது. அந்தப் பட்டறையின் இலக்காகக் கண்காட்சியை வைத்திருந்தால், கலவை கெட்ட அன்றே எல்லாரும் கலைந்து போயிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஊதுவதைப் பற்றியும் அன்றே பேசி முடித்தோம். ஊதும் உலையை 1,100 டிகிரியை ஒட்டி இரவும் பகலும் எரியவிட வேண்டும். துணைக்கு ஆளும் வேண்டும். புகழ்பெற்ற அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி 1976இல் கார் விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தார், 1979இல் தோள்பட்டை இறங்கியது. அதன்பிறகு ஊதும் குழாயைத் தன் குழுவிடம் கொடுத்துவிட்டு, வரைந்து வழிநடத்துபவராக மாறினார். அவருடைய பெரும்படைப்புகள் அப்படி வந்தவைதான். ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் தனியாகத் தொடங்கும் இடம் அது இல்லை. அந்த இலக்கைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றி, மேலே ‘பிறகு’ என்று எழுதிவைத்தார்.

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தது

கண்ணாடி ஒரு கடல், உலோகம் இன்னொரு கடல். இரண்டையும் நீந்திக் கடக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கரையிலேயே களைத்துப்போகிறார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று தொடும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த வாரம் ஜார்ஜ்டவுன் சந்துகளில் நடந்து, சுவரில் பொருத்திய இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வந்தார். மாநில அரசின் ‘மார்க்கிங் ஜார்ஜ்டவுன்’ திட்டத்தில் வைத்தவை அவை, மொத்தம் 52. கம்பிக் கோடு அவருக்குப் பிடித்திருந்தது. கோட்டுக்குள் நிறம் வேண்டும் என்றார்.

டிஃபனி முறையை முதலில் யோசித்தார். கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தில் செம்புப் பட்டை ஒட்டி, வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றாசால் இணைப்பது. வீட்டிலேயே செய்யலாம், சூளை வேண்டாம். ஆனால் சமையல் நடக்கும் வீட்டில் ஈயத்தைச் சூடாக்குவதற்கு நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் வந்து நின்றது எனாமல், நம் நகைக்கடைகளில் மீனா வேலை என்பார்களே, அது. கண்ணாடியைப் பொடியாக்கி உலோகத்தின்மேல் தூவி, 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நிமிடம் சுடுவது. கம்பிகளால் அறை கட்டி அதற்குள் நிறம் நிரப்பினால் அவர் கேட்ட கோடும் கிடைக்கும்.

விரிவு எண் பிரச்சினை இங்கேயும் உண்டு, ஆனால் வேறு விதமாக. முன்பு சொன்ன கணக்கில் செம்பின் எண் ஏறக்குறைய 170. எனாமலுடையது அதைவிட நன்றாகக் குறைவு. ஆறும்போது செம்பு அதிகம் சுருங்கி, மேலே இருக்கும் கண்ணாடியை நாலா பக்கமும் அமுக்கும். கண்ணாடி இழுவிசையைத் தாங்காது, அமுக்கத்தைத் தாங்கும். அதனால் ஒட்டி நிற்கிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் எனாமல் போட்டால் மெல்லிய தகடு வளைந்து, எனாமல் தெறித்துவிடும். பின்பக்கத்திலும் ஒரு பூச்சு கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். மணிகளை உடைத்த அதே விதி, தெரிந்து கையாண்டால் இங்கே கண்ணாடியைப் பிடித்து வைக்கிறது. இதைப் படித்த அன்றே மாணவி தீர்மானித்துவிட்டார்.

திருத்தி எழுதிய பக்கம்

புதிய பக்கத்தில் ஒரே இலக்கு: ‘4 செ.மீ. சதுரச் செம்புத் தகடு, 0.8 மி.மீ. தடிமன். இரு பக்கமும் ஒரே வெள்ளை எனாமல். விரிசல், குமிழ், வளைவு இல்லாமல் தொடர்ந்து ஐந்து தகடு. அக்டோபர் கடைசிக்குள். சேதாரம் 40 தகடு.’

அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது தாத்தா. பட்டறையை மறுபடி திறக்கலாமா என்று கேட்கப் போயிருந்தோம். குறிப்பேட்டைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். “எல்லாம் சரிதான். சேதாரம் எங்கம்மா?” என்றார். “நகைக்கு விலை போடும்போதே செய்கூலி, சேதாரம் ரெண்டும் போடுறோம். வேலை தெரிஞ்சவனுக்கே சேதாரம் உண்டு. படிக்கிற பிள்ளைக்கு இல்லாம இருக்குமா? எவ்வளவு போகும்னு இப்பவே எழுதிடு. அப்புறம் போனா அழுக வராது.”

இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான். இலக்கு வைப்பதைப் பற்றி வரும் அறிவுரைகளில் எதை அடைய வேண்டும் என்பது இருக்கும். எத்தனை உடையலாம் என்று யாரும் எழுதச் சொல்வதில்லை. கண்ணாடியில் உடைவு கட்டாயம் வரும். முன்கூட்டியே எழுதாவிட்டால் ஒவ்வோர் உடைவும் தோல்வியாகத் தெரியும். எழுதிவிட்டால் அது கணக்கில் ஒரு வரி. 40 தகடும் தீர்ந்து, ஐந்து வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு வழி யோசிக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பணத்தையும் மனத்தையும் கரைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாத்தா இன்னொன்றும் சொன்னார், முதலில் கம்பி இழுக்கப் பழகச் சொல்லி. கம்பச்சு என்ற துளைத் தகட்டின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து, நடுவில் சூடுகாட்டி இளக்கி, மறுபடி இழுப்பது. அதை இரண்டாவது இலக்காக எழுதவில்லை. சூளை சூடேறும் நேரத்துக்கான வேலையாக வைத்துக்கொண்டார்.

கூடவே சில ‘இப்படி ஆனால் இப்படி’ விதிகள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியது: நான் இதைச் செய்வேன் என்பதோடு நிற்காமல், இந்தச் சூழல் வந்தால் இதைச் செய்வேன் என்று முன்பே தீர்மானித்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம். மாணவி எழுதியவை: இரவு ஷிப்ட் முடிந்த அன்று சூளையைத் தொட மாட்டேன், குறிப்பு மட்டும் எழுதுவேன். ஓய்வின் இரண்டாம் நாள் காலை ஃபெரியில் பட்டர்வொர்த். முகக்கவசம் இல்லாமல் எனாமல் பொடி டப்பாவைத் திறக்க மாட்டேன். சிந்திய பொடியைத் துடைப்பத்தால் பெருக்க மாட்டேன், ஈரத்துணியால் துடைப்பேன். கண்ணாடித் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. இதை நான் எல்லா மாணவர்களிடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீண்ட நாள் இந்த வேலையில் இருக்க நினைப்பவருக்கு நுரையீரலும் கண்ணும்தான் முதல் கருவிகள்.

ஓடிய மாதங்கள்

ஒரு பழைய மின்சூளை வாங்கினார். இரண்டு கிலோவாட்டுக்கும் குறைவு, சாதாரண 13 ஆம்ப் பிளக்கிலேயே ஓடும். தாத்தாவின் பட்டறையில் பழைய உலைக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள்.

முதல் தகடுகள் பொரிந்துபோயின. தூவிய பொடியில் ஈரம் தங்கினால், சூளையில் அது நீராவியாகி எனாமலைத் தூக்கி எறியும். அயல்நாட்டுக் காணொளிகளில் சொல்லும் நேரம் பினாங்கின் காற்றுக்குப் போதாது, மழை நாளில் சுத்தமாகப் போதாது. தகடுகளைச் சூளையின் தலைமேல் வைத்து நன்றாக உலர்த்தப் பழகினார். குறிப்பேட்டில் வானிலைக்கு ஒரு பத்தி வந்தது.

அடுத்தது புரியாத ஒன்று. ஒரே பொடி, அதே 800 டிகிரி, அதே இரண்டரை நிமிடம். ஒரு தகடு பளபளப்பு, அடுத்தது மேடும் பள்ளமுமாக. எனாமல்காரர்கள் அந்த இடைநிலையை ஆரஞ்சுத் தோல் என்பார்கள், உருகல் பாதியில் நின்றது என்று அர்த்தம். இங்கேதான் அவருடைய தொழிற்சாலை வேலை கைகொடுத்தது. அங்கே அவர் தினமும் செய்வதே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, வரைபடம் போட்டுப் பார்ப்பதுதான். கதவைத் திறந்து தகட்டை வைக்கும்போது சூடு எவ்வளவு இறங்குகிறது, திரும்ப 800க்கு வர எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்தார். ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது; கதவைத் திறந்து வைத்திருந்த நேரத்தைப் பொறுத்து மாறியது. அன்றிலிருந்து, தகட்டை உள்ளே வைத்ததிலிருந்து எண்ணாமல், சூடு மீண்டதிலிருந்து எண்ணத் தொடங்கினார். சிக்கல் தீர்ந்தது. எந்த வேலையிலிருந்து ஓடிவிட நினைத்தாரோ, அந்த வேலையின் பழக்கம்தான் அவரைக் கைதேர்ந்தவராக்கிக்கொண்டிருந்தது. இதை அவரிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச காலம் ஆனது.

அக்டோபரில் ஐந்து வரவில்லை. தொடர்ந்து மூன்றுவரை வந்தது, நான்காவது கெட்டது. காலக்கெடுவை டிசம்பருக்குத் தள்ளினார், சேதாரக் கணக்கை மாற்றவில்லை. டிசம்பரில் 33 தகடு போன பிறகு, ஐந்தும் வரிசையாக வந்தன. ஏழு மிச்சம்.

ஜனவரியில் அடுத்த இலக்கு: வெள்ளிக் கம்பியால் அறை கட்டுவது. சுத்தமான வெள்ளிக் கம்பியை வளைத்து, வெறும் செம்பின்மேல் நிறுத்தி, நிறம் நிரப்பிச் சுட்டார். வெள்ளி உருகுவது 961 டிகிரியில், செம்பு 1,085இல், சூளை 800தான், பயமில்லை என்று கணக்குப் போட்டிருந்தார். வெளியே எடுத்தபோது கம்பி தகட்டுக்குள் அமிழ்ந்துபோயிருந்தது. வெள்ளியும் செம்பும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு சூடேறினால், தொடும் இடத்தில் இரண்டும் கலந்து, 780 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஏறக்குறைய 72 பங்கு வெள்ளி, 28 பங்கு செம்பு என்ற கலவைக்கு அந்தக் குணம். எனக்கு இது படித்துத் தெரிந்தது. தாத்தாவுக்கு அறுபது வருட கைப்பழக்கம். கெட்ட தகட்டைக் கையில் தடவிப் பார்த்துவிட்டு, “வெள்ளிக்குப் பற்றாசு எதுல செய்றோம்? வெள்ளியிலயே செம்பு கலந்துதானே? நீ தகட்டு மேலயே பற்றாசு செஞ்சிருக்கம்மா” என்றார். முதலில் ஒரு பூச்சு எனாமல் சுட்டு, அதன்மேல் கம்பியை நிறுத்தினால் வெள்ளி செம்பைத் தொடாது. அப்படியே செய்தார். சேதாரத்தில் ஒரே ஒரு தகடுதான் போனது.

அந்த வருடம் கோலாலம்பூருக்குப் போனபோது செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தொழிற்சாலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். 1885இல் யோங் கூன் தொடங்கியது, இன்றும் கையால் தட்டும் வேலை நடக்கிறது. ஒருவரே ஒரு தட்டு வேலையை நாளெல்லாம் செய்கிறார், ஒவ்வொரு அடியும் ஒரே அளவு என்று வியந்து சொன்னார். ஐந்து தகடு வரிசை என்ற இலக்கின்மேல் அவருக்கு இருந்த சலிப்பு அதோடு போனது.

பணமும் வெளியே காட்டுவதும்

விற்பனை இலக்கை எடுத்துவிட்டு, செலவுக்கு ஒரு வரம்பு வைத்தோம்: மாதம் 250 ரிங்கிட், அதற்குமேல் இல்லை. சூளை வாங்கிய மாதம் தவிர, அதைக் காப்பாற்றினார். விற்கத் தொடங்கும் முன் எஸ்.எஸ்.எம். என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்தார். சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. நம்மவர்களில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பின்னால் டெக்குன் என்ற அரசு நிதி நிறுவனம் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கு வரும் ஸ்பூமி கடனோ, கலைக்கான மானியமோ கேட்கப்போகும்போது பதிவு எண் தேவைப்படலாம்.

வெளியே காட்டும் இலக்கையும் மாற்றி எழுதினார். ‘கண்காட்சியில் இடம் பெற வேண்டும்’ என்பது ‘அரையாண்டுக்கு மூன்று இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்’ என்றானது. விண்ணப்பிப்பது அவர் கையில், தேர்வு அவர் கையில் இல்லை. முதல் அரையாண்டில் இரண்டு இடம் மறுத்தன. மூன்றாவது, ஒரு சின்னக் குழுக் கண்காட்சி, நான்கு வேலைகளை எடுத்துக்கொண்டது. பழைய கடைவீடுகளின் காற்றோட்டக் கம்பிச் சட்டங்களைப் பார்த்து வரைந்த வடிவங்கள் அவை. ஜாலான் குருத்வாராவில் ஹின் பஸ் டிப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மேசையும் போட்டார். மேசை வாடகை, ஃபெரிக் காசு, சாப்பாடு போக 180 ரிங்கிட் மிஞ்சியது. அவர் செலவிட்ட நேரத்துக்கு அது கூலியாகாது. விலையில் தன் நேரத்தைச் சேர்க்கத் தயங்குகிறார், இன்னும் அதைச் சரிசெய்யவில்லை. செய்கூலியும் போடும்மா என்று தாத்தா விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்ஸ்டாகிராமை விடவில்லை. 5,000 என்ற எண்ணை மட்டும் விட்டார். கெட்ட தகடுகளையும் காரணத்தோடு போடுகிறார். புதிதாக வருபவர் பார்ப்பவர் எண்ணிக்கையைத் துரத்தினால், தெரிந்த அழகையே திரும்பத் திரும்பச் செய்வார். தெரியாததைத் தொட மாட்டார். அந்த இலக்கை எந்தத் தொடக்கக் கலைஞருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்றைய நிலை

தொழிற்சாலை வேலை தொடர்கிறது. எப்போது விடுவது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தொடர்ந்து 12 மாதம் கலையில் வரும் வருமானம் வீட்டுச் செலவில் தன் பங்கைத் தாங்கிய பிறகுதான் என்கிறேன் நான். பாதி தாங்கினால் போதும், தம்பி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்கிறார் அவர். வீட்டுக் கணக்கை என்னைவிட அவருக்குத் தெரியும், அதனால் நான் வற்புறுத்தவில்லை.

இப்போது குறிப்பேட்டில் இருக்கும் இலக்கு, ஒளி ஊடுருவும் எனாமலைச் சுத்த வெள்ளித் தகட்டில் சுடுவது. 92.5 வெள்ளியில் உள்ள செம்பு சூட்டில் கறுத்து நிறத்தைக் கெடுக்கும் என்பதால் 99.9 வெள்ளியையே எடுத்திருக்கிறார். 12 மாதிரி, நான்கு நிறம். சேதாரத்தைத் தகடு எண்ணிக்கையில் எழுதாமல் கிராமில் எழுதியிருக்கிறார். வெள்ளி விலைக்கு அதுதான் சரி. வெட்டிய துண்டுகளையும் அரத்தூளையும் தனித் தனி டப்பாவில் சேர்த்து வைக்கிறார், உருக்கி மறுபடி தகடாக்கலாம் என்று. ‘பிறகு’ பக்கத்தில் கண்ணாடி ஊதுவது இன்னும் இருக்கிறது. அதற்கு எதிரே இப்போது ஒரு நிபந்தனையும் இருக்கிறது: இரண்டு வார விடுப்பும் பயிற்சிக் கட்டணமும் கையில் சேர்ந்தால், முதலில் ஒரு குறுகிய வகுப்பு, அதன்பிறகு முடிவு.